பதினேழு செவிச்சோதனைக் கட்டுகள் அழிந்தது குறித்து

அனுப்புநர்:
சர்வர் பராமரிப்பாளர் (ஒப்பந்தப் பணி),
கணினிப் பிரிவு, தரைத்தளம்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
காது மூக்கு தொண்டை மருத்துவமனை.

பொருள்: ஆவணப் பிரிவு எழுத்தர் மீது சுமத்தப்பட்ட தவறு என்னுடையது என ஒப்புக்கொண்டு, அவர் பணிப்பதிவேட்டிலுள்ள குறிப்பை நீக்கவும், என் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இம்மருத்துவமனையில் நான் ஆறு ஆண்டுகளாக சர்வர்களைக் கவனித்து வருகிறேன். நோயாளி வரும் நாளில் அவருடைய பழைய சோதனைத் தாள்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவதும், ஏற்றிய தாள்களை மறுநாள் இயந்திரத்தில் அரைத்துவிடுவதும் தாங்கள் அறிந்த நடைமுறை. ஏற்றும் வேலையைச் செய்தவர், எல்லோரும் ‘கோப்பக்கா’ என்று அழைக்கும் எழுத்தர். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் கையில் ஒரு துண்டுச்சீட்டுகூடத் தவறியதாக யாரும் சொன்னதில்லை.

2. கடந்த ஜனவரி 5, திங்கட்கிழமை, தாள்களைச் சேமிக்கும் மென்பொருளான ஆவண நிரலைப் புதுப்பித்தேன். அந்நிரல் இயங்க ‘லைப்ரரி’ எனும் துணைக்கோப்பு ஒன்று தேவை. அக்கோப்பு இருக்கும் இடத்தை சர்வரிடம் பதிவு செய்ய வேண்டும். சர்வரில் அதே பெயரில் பழையது ஒன்றும் புதியது ஒன்றும் இருந்தன. நான் பழையதைப் பதிவு செய்துவிட்டேன். அது நோயாளி எண்கள் ஆறு இலக்கமாக இருந்த காலத்தது. இப்போதுள்ள ஏழு இலக்க எண்ணில் கடைசி இலக்கத்தை அது விட்டுவிடும். ஆகவே, முதல் ஆறு இலக்கங்கள் ஒன்றாக உள்ள இருவரின் தாள்களும் ஒரே இடத்துக்குப் போயின. பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்தது.

3. மூன்றாம் நாளே கோப்பக்கா சர்வர் அறை வாசலுக்கு வந்தார். “தம்பி, ஒருத்தர் நம்பரைப் போட்டா இன்னொருத்தர் பேப்பர் வருது. நான் நாலு தடவை பாத்துட்டேன். உங்க பக்கம் ஏதோ ஆயிருக்கு” என்றார். ஏற்றிய ஒவ்வொரு தாளின் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்திருந்த நோட்டையும் நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. “மெஷின் சொன்னதைத்தான்க்கா செய்யும். நம்பரை மாத்தித் தட்டியிருப்பீங்க” என்றேன். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

4. ஜனவரி 27 அன்று ஒரு தச்சருடைய ஆறு வயது மகள் அம்மாதம் முன்பு வந்தபோது ஏற்றி அரைத்துவிட்ட அவளுடைய மூன்றாண்டுத் தாள்கள் கணினியில் கிடைக்கவில்லை. செவித்திறன் படிப்படியாகக் குறைவதைக் காட்டும் அத்தாள்கள் இல்லாததால், அறுவை சிகிச்சைக் குழு அவள் பெயரைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளியது. தச்சர் தாழ்வாரத்தில் எல்லோர் முன்னிலையிலும், “உங்க புள்ளையோடதா இருந்தா இப்படித் தொலைப்பீங்களா?” என்று கோப்பக்காவைக் கேட்டார். நான் ஐந்தடி தள்ளி, கையில் டீயோடு நின்றுகொண்டிருந்தேன்.

5. அன்று மாலை தாங்கள் என்னிடம் அறிக்கை கேட்டீர்கள். சர்வரின் பதிவேட்டில் நீக்கங்கள் யாவும் அவர் பெயரில் இருந்தன. அவர் ஏற்றியபோது நடந்தவை ஆதலால் அப்படித்தான் இருக்கும். காரணத்தைத் தேடாமல், ‘தாள்கள் எழுத்தரால் நீக்கப்பட்டுள்ளன. சர்வரில் கோளாறு இல்லை’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார்.

6. அவர் போன பிறகும் தாள்கள் மாறி வந்தன. பிப்ரவரி 20 அன்று அவர் மேசை இழுப்பறையிலிருந்த அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். காணாமற்போன எண்களை அவர் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டம் போட்டிருந்தார். எல்லா இணைகளிலும் முதல் ஆறு இலக்கங்கள் ஒன்றாகவே இருந்தன. விடையின் விளிம்பு வரை அவர் தனியாக வந்திருந்தார். பழைய கோப்பின் பதிவை நீக்கிப் புதியதைப் பதிவு செய்ய எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சர்வர் ஒவ்வோர் இரவும் எடுத்துவைக்கும் பிரதிகளிலிருந்து, அழிந்த 212 கட்டுகளில் (ஒருவருடைய தாள்கள் ஒரு கட்டு) 195 மீண்டன. ஏறிய நாளிலேயே, இரவுப் பிரதி எடுக்கும் முன் அழிந்த பதினேழு கட்டுகள் மீளவில்லை. அச்சிறுமியுடையது அவற்றில் ஒன்று.

7. இதை அன்றே தங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவிருந்த நேரம்; வாயைத் திறக்கவில்லை. பிப்ரவரி 26 அன்று விசாரணை நடந்தது. கவனக்குறைவை ஏற்பதாகக் கையெழுத்திட்டுக் கோப்பக்கா விருப்ப ஓய்வில் சென்றார். என் ஒப்பந்தம் மார்ச் 2 அன்று புதுப்பிக்கப்பட்டது.

8. மார்ச் 12 அன்று சோதனை அறைக் கணினியைச் சரிசெய்யப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் அச்சிறுமி அமர்ந்திருந்தாள். ஒலி கேட்கும்போது கையிலுள்ள மரக்கட்டையைப் பெட்டியில் போட வேண்டும். அவள் கட்டையைக் கன்னத்தருகே பிடித்தபடி நெடுநேரம் காத்திருந்தாள். கேட்காதபோதும் இரண்டு முறை போட்டுவிட்டு, சரிதானா என்று தன் தாயின் முகத்தைப் பார்த்தாள். சென்ற ஆண்டு அவளுக்கு எவ்வளவு கேட்டது என்பதை இந்த ஆண்டு எந்தச் சோதனையும் சொல்லாது.

9. மார்ச் 15, ஞாயிறன்று கோப்பக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கோப்பக்கா திட்டவில்லை. “பேப்பரெல்லாம் வந்துடுச்சா?” என்றுதான் முதலில் கேட்டார். பதினேழு வரவில்லை என்றேன். பிறகு, “கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும்னாங்க. போட்டப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தம்பி, நான்தான் தப்பாத் தட்டிட்டேனோன்னு” என்றார். எல்லாவற்றையும் தங்களுக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

10. ஆகவே தங்களை வேண்டுவது: எனது ஜனவரி 27 அறிக்கையைப் பொய்யென ரத்து செய்ய வேண்டும். எழுத்தரின் பணிப்பதிவேட்டிலுள்ள ‘கவனக்குறைவு’ என்ற குறிப்பை நீக்க வேண்டும். சிறுமியை அறுவை சிகிச்சைப் பட்டியலில் அவளுடைய பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். மூன்றாண்டுகளும் அவளைச் சோதித்த செவியியலாளர் தம் நினைவிலுள்ளதை எழுத்தில் தர இசைந்துள்ளார். மற்ற பதினாறு பேரையும் வரிசையில் நிறுத்தாமல் அழைத்துப் பார்க்க வேண்டும். என் ஒப்பந்தம் பற்றித் தாங்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்.

11. கோப்பக்கா மீண்டும் பணிக்கு வர விரும்பவில்லை. அன்று தமக்கென அவர் கேட்டது ஒன்றுதான். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “அந்தத் தச்சர்கிட்ட மட்டும், அது நான் இல்லைன்னு யாராவது சொல்லிடுங்க.” நான் நேற்று தச்சரிடம் சொல்லிவிட்டேன். நான் சொன்னால் போதாது, அம்மையீர். தங்கள் கையொப்பத்தோடு அவருக்கு ஒரு கடிதம் போக வேண்டும்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சர்வர் பராமரிப்பாளர்

இடம்: கணினிப் பிரிவு, மருத்துவமனை வளாகம்
நாள்: மார்ச் 19, வியாழக்கிழமை