பேர் தெரியாத பூவும் கவிழ்ந்த குழம்பும்

அக்கா,

இன்று காலை கொல்லைப்பக்கம் போனேன். காய்ந்த மண்ணில் ஓர் இலைகூட இல்லாமல் அந்தத் தண்டு மட்டும் நீண்டு நிற்கிறது, நுனியில் மங்கலான வெள்ளைப் பூக்கள். உங்களிடம் சொல்ல வேலிப்பக்கம் திரும்பிய பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

யுத்தம் நடந்த வருஷங்களில், பாப்பிரெட்டிப்பட்டியில் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிடந்த பழைய தோட்டம் இது. ஒரு கோடையில் இந்தப் பூவைப் பார்த்துவிட்டு, ஊரில் ஒருவரைப் பாக்கி விடாமல் அதன் பெயரைக் கேட்டீர்கள். யாருக்கும் தெரியவில்லை. பூ வாடியது, நாமும் மறந்தோம். மழை பெய்ததும் அதே இடத்தில் பச்சைப் பசேலென்று இலை வந்தது. இரண்டும் ஒரே செடி என்று நமக்குத் தோன்றவே இல்லை.

எனக்கோ அவசர புத்தி. அந்த இலையைப் பார்த்து, முன்பு குடியிருந்தவர்கள் வெங்காயம் நட்டிருப்பார்கள் என்று தோண்டினேன். கை கொள்ளாத வெள்ளைக் கிழங்கு, உரித்தால் அடுக்கடுக்காக வந்தது. ரேஷன் காலத்தில் இப்படி ஒரு யோகமா என்று புளிக்குழம்பில் போட்டேன். கை அரித்ததை நான் சட்டை செய்யவில்லை. சளி பிடித்து மூக்கும் அடைத்திருந்தது.

என் பிள்ளைகள் மூவரும் களித் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த நீங்கள், நான் அரிந்து போட்டிருந்த கிழங்கின் தலையை எடுத்து முகர்ந்தீர்கள். அதில் காய்ந்த பூத்தண்டு ஒட்டியிருந்தது.

“ஏ புள்ள, இது நம்ம பேர் தெரியாத பூவு! வெங்காய வாசனையே இல்லயே!”

சொல்லி முடிப்பதற்குள் சட்டியைக் கவிழ்த்துவிட்டீர்கள்.

“உங்க வூட்டுச் சட்டியா இருந்தா கவுப்பீங்களா?” என்று கத்தினேன். நீங்கள் போய், உங்கள் வீட்டுப் பருப்பைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு ஊற்றினீர்கள். அப்படியும் பதினோரு நாள் நான் உங்களிடம் பேசவில்லை.

பிறகு, சந்தைக்குப் புளி கொண்டுவந்த சித்தேரி மலைக்கார அம்மா ஒருவரிடம் மிச்சமிருந்த கிழங்கைக் காட்டினேன். “நரிவெங்காயமுங்க. வெசம். ஆடுகூட வாய் வெக்காதுங்க” என்றார். நேரே உங்களிடம் வந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

“அக்கா, அதோட பேரு தெரிஞ்சுபோச்சுங்க. வெசமாம். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“எனக்கு என்னா தெரியும்? சந்தேகந்தான். தப்பா இருந்தா நீ திட்டுவ. அவ்ளோதானே?” என்று சிரித்தீர்கள்.

அக்கா, அந்த ‘அவ்ளோதானே’யைத்தான் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். போன வாரம் எதிர்வீட்டுப் பெண் ஏதோ ஒரு பழைய பாட்டிலிலிருந்து பிள்ளைக்கு மருந்து ஊற்றப் போனாள். பிடுங்கிக் கீழே கொட்டினேன். நல்ல மருந்தாகக்கூட இருந்திருக்கலாம். இன்னும் அவள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. போகட்டும். அவள் பிள்ளை வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது.