சாமல்பட்டியில் பொம்மி

ஓசூர்

அன்புள்ள பிரியாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம். நீயும் அந்த நாகோயாக் குளிர்ல சளி காய்ச்சல் எதுவும் அண்டாம சுகமா இருக்கணும்னு தினமும் விளக்கேத்தும்போது கேட்டுக்கறேன். போன்ல பேசாம எதுக்கு இவ்வளவு பெரிய கடுதாசின்னு நினைப்பே. போன் பேசும்போது அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்காரு, நான் வாயைத் திறந்தா அவரு தொண்டையைச் செருமுறாரு. அதான் உங்க ஆபீஸ் பொண்ணு லீவு முடிஞ்சு திரும்பிப் போறான்னு சொன்னதும் இட்லிப் பொடியோட இதையும் மடிச்சு வைக்கிறேன். சாப்பிட உக்காரும்போது மட்டும் படிக்காதே. ஜெகதீஷ் வீட்டுச் சம்பந்தம் ஏன் பேச்சு நின்னு கிடக்குதுன்னு நீ கேட்டப்ப, ஜாதகத்துல ஒரு சின்ன சந்தேகம்னு அப்பா சொன்னாரே, அது பொய். ஜாதகம் நல்லாத்தான் இருக்கு. எனக்குச் சந்தேகம் ஆள் மேல, இப்ப அது சந்தேகம் கூட இல்லை, அருவருப்பு.

மொதல்ல இருந்தே சொல்றேன். மத்திகிரியில தகரக் கொட்டகை போட்டு, ரோட்டுல அடிபட்ட நாய் பூனை எல்லாம் எடுத்து வளர்க்கிற லாவண்யா இருக்காள்ல, நான் கூட வாரத்துல ரெண்டு நாள் போயி சோறு பொங்கிப் போட்டுட்டு வருவேனே, அந்த இடத்தை ஓனர் பிளாட் போடறவங்களுக்கு வித்துட்டாரு. கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பாவம் அந்தப் பொண்ணு அலையா அலைஞ்சு, நாயிங்களை எல்லாம் ஆனேக்கல் பக்கம் ஒரு தோட்டத்துல சேர்த்துட்டா, பூனைக்குட்டிங்களையும் ஆளுக்கு ஒண்ணா வாங்கிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் நின்னது பொம்மி ஒண்ணுதான். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமா இருக்குமே, ஒரு கண்ணுல புரை விழுந்த கிழப் பூனை. பல்லு பாதி இல்லை, சோத்தை நல்லா மசிச்சுக் குடுத்தாத்தான் தின்னும். யாரோ அபார்ட்மெண்ட் காலி பண்ணிட்டு புனேக்குப் போறப்ப அதை மாடிப்படியில விட்டுட்டுப் போயிட்டாங்களாம். மனுஷங்க அப்படிப் பண்ணினதுக்கு அப்புறமும் அது ஆளைக் கண்டா ஓடி ஒளியாது, வந்து காலை உரசும். நானே தூக்கிட்டு வந்திருப்பேன், அப்பாவுக்கு இழுப்பு, பூனை முடி பட்டாலே மூச்சு விட முடியாது, உனக்குத் தெரியும்.

அதைப் பார்க்க வந்த சனங்களைப் பத்திச் சொன்னா உனக்கே கூசும் பிரியா. அத்திப்பள்ளியில இருந்து புருஷன் பொண்டாட்டி வந்தாங்க, நல்லா படிச்சவங்க, தும்ப வயசாகிதே, ரொம்பக் கிழடாச்சேன்னு கன்னடத்துல ரெண்டு பேரும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, பெர்சியன் இல்லையான்னு கேட்டாங்க, என்னமோ புடவைக் கடையில வேற டிசைன் எடுத்துப் போடச் சொல்ற மாதிரி. இன்னொருத்தர் சந்தையில மாட்டைப் பார்க்கற மாதிரி அது வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துட்டு, இது எலி பிடிக்காதேன்னு விட்டுட்டுப் போயி எங்க குழாயிலயே கையைக் கழுவினாரு. ஒரு அம்மா, இது எப்படியும் சீக்கிரம் செத்துப் போயிடும், புதைக்கற வேலையெல்லாம் யாரு பார்க்கறதுன்னு அது முன்னாடியே கேட்டாங்க.

அந்தச் சமயத்துலதான் ஜெகதீஷ் வீட்டுக்காரங்க பேச்சுவார்த்தைக்கு வந்தது. பேச்சுவாக்குல நான் பொம்மியைப் பத்திப் புலம்பினேன். உடனே அவன், அத்தை நீங்க கவலைப்படாதீங்க எங்க வீட்டுக்குக் குடுங்க, போச்சம்பள்ளி வீட்டுல பின்னாடி அவ்வளவு இடம் இருக்கு, எங்கம்மாவுக்கும் பேச்சுத் துணையா இருக்கும்னான். இன்னும் சம்பந்தமே ஆகலை, அதுக்குள்ள வாய் நிறைய அத்தைன்னு கூப்பிட்டு இப்படிச் சொன்னா யாருக்குத்தான் மனசு இளகாது. அவன் அப்பா பூபதி அண்ணாச்சி கூட, எம்புள்ளைக்கு இளகின மனசுன்னு பெருமையாச் சொன்னாரு. அன்னைக்கே காருல எடுத்துட்டுப் போயிட்டாங்க. பொம்மியை மடியில வச்சு, சோபாவுல படுக்க வச்சு, தட்டுல பால் வச்சுன்னு அவன் போட்டோவா அனுப்பினான். உனக்கும் அனுப்பினான், நீயும் பார்த்துட்டு நல்லவரா இருக்காரும்மான்னு சொன்னே. அதுக்கப்புறமும் நான் எப்பக் கேட்டாலும் சூப்பரா இருக்கு அத்தைன்னு ஒரு போட்டோ வரும். நானும் லாவண்யாகிட்டக் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டேன்.

போன மாசம் அப்பாகூட கம்பெனியில வேலை பார்த்த ஆஞ்சப்பன் அண்ணன் பாரூர்ல வீடு கட்டிக் குடி போனாரு, அதுக்குப் போயிட்டுத் திரும்பும்போது போச்சம்பள்ளியில இறங்கி அவங்களைப் பார்த்துட்டுப் போலாம்னு நாந்தான் சொன்னேன். பொம்மிக்குன்னு டப்பாவுல மீன் வேகவச்சு எடுத்துட்டு வேற போயிருந்தேன். சொல்லாமப் போனது நல்லதாப் போச்சு. காபி குடுத்தாங்க, குடிச்சுக்கிட்டே எங்க நம்ம பொம்மின்னு கேட்டேன். ஜெகதீஷோட அம்மா சிரிச்சாங்க பிரியா. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல நிக்குது. ஐயோ மதினி அதை ஏன் கேக்கறீங்க, வந்த அன்னைக்கே புது சோபாவுல ஒண்ணுக்குப் போயிடுச்சு, மறுநாள் விடியறதுக்குள்ள இவன் உரச் சாக்குல போட்டுக் கட்டி சாமல்பட்டி ரயிலடியில கொண்டு போயி விட்டுட்டான், வெளியிலேயே விட்டா திரும்பி வந்துடும்னு அவ்வளவு தூரம் போனான்னு, பிள்ளையோட சாமர்த்தியத்தைச் சொல்ற மாதிரி சொன்னாங்க. பூபதி அண்ணாச்சி டிவியில இருந்து கண்ணை எடுக்கலை.

நான் டம்ளரைக் கீழ வச்சுட்டேன். அப்ப அத்தனை போட்டோவும் முதல் நாள் சாயங்காலமே எடுத்து வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா அனுப்பியிருக்கான். நான் கேக்கறதுக்கு முன்னாடி அவனே உள்ள இருந்து வந்தான். முகத்துல ஒரு வாட்டம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் அத்தை போட்டோ அனுப்பினேன், அது கிழடு, இன்னும் எவ்வளவு நாளைக்கு இருக்கப் போகுது, பிரியாகிட்ட மட்டும் இதைச் சொல்லாதீங்க, அவ தப்பா எடுத்துக்குவான்னான். சொல்லிட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினான். அந்தக் கைதானே சாக்கைக் கட்டினது. அந்த வீட்டுல அடிச்சிருந்த சென்ட் வாசனை, கண்ணாடி மாதிரி துடைச்ச தரை, பிளாஸ்டிக் உறை போட்ட அந்த சோபா, எல்லாம் சேர்ந்து தாங்காம, வாசல்ல செருப்பைப் போடறதுக்குள்ள குடிச்ச காபியைச் சாக்கடையில வாந்தி எடுத்துட்டேன். வெயில்ல வந்தது ஒத்துக்கலைன்னு அப்பா அவங்ககிட்ட மழுப்பினாரு.

நான் நேரா ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போயி சாமல்பட்டிக்குப் போகணும்னேன். அப்பா, உனக்கென்ன கிறுக்கா, இத்தனை நாளைக்கு அப்புறம் அது அங்க இருக்குமா, நல்ல சம்பந்தத்தை ஒரு பூனைக்காகக் கெடுக்காதேன்னு திட்டினாரு. திட்டிக்கிட்டே ஏறி உக்காந்தாரு, அது வேற விஷயம். ஸ்டேஷன் வாசல்ல சுக்ரான்னு ஒரு அம்மா போண்டாக் கடை வச்சிருக்காங்க. மூணு நிறத்துல ஒரு கிழப் பூனை, ஒரு கண்ணு வெள்ளையா இருக்கும், சாக்குலன்னு நான் சொல்லி வாய் மூடலை, கரண்டியைச் சட்டியில போட்டுட்டு எழுந்து வந்துட்டாங்க. நீங்கதானா அது, சாக்கு வாயை நைலான் கயிறால இறுக்கிக் கட்டிப் போட உங்களுக்கு எப்படிக் கை வந்துச்சு, அல்லாவுக்குப் பயம் வேண்டாம் மனுஷனுக்கு வெக்கம் கூடவா இல்லைன்னு பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. டிக்கெட் வாங்க வந்தவங்க எல்லாம் வேடிக்கை பார்க்கறாங்க. அப்பாவைப் பார்த்து, ஆம்பளை நீங்க பார்த்துக்கிட்டு நின்னீங்களான்னு கேட்டாங்க. அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நாங்க இல்லம்மான்னு சொல்லலை. எனக்கும் சொல்ல வாய் வரலை. அவனை மாப்பிள்ளையாக்கக் கிளம்பினவங்கதானே நாங்க, யாருன்னு சொல்லித் தப்பிக்கறது.

கோபம் ஆறினதுக்கு அப்புறம் அவங்களே நடந்ததைச் சொன்னாங்க. காலையில கடைக்கு விறகு எடுக்கப் போனப்ப புதருக்குள்ள சாக்கு அசைஞ்சிருக்கு. பாம்புன்னு நினைச்சுப் பயந்து அவங்க வீட்டுக்காரர் பஷீர் அஹமதைக் கூப்பிட்டிருக்காங்க. அவரு வெங்காயம் வெட்டற கத்தியால கயித்தை அறுத்தா, உர நெடியிலயும் அதோட மூத்திரத்துலயும் ஊறிப்போயி, கண்ணைச் சுத்தி எறும்பு மொய்க்க, வாயில நுரையோட கிடந்துச்சாம். செத்துப் போச்சுன்னுதான் தூக்கியிருக்காரு, கையில மெதுவா நகத்தை ஊணியிருக்கு. துணியில தண்ணி நனைச்சுச் சொட்டுச் சொட்டா விட்டு, பைக்குல மடியில வச்சு ஊத்தங்கரை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி ஊசி போட்டிருக்காங்க. இதையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கும்போது எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா, அந்தச் சாக்கைக் கட்டிட்டு வந்து கையைக் கழுவிட்டு, அன்னைக்கே எனக்குக் குட்மார்னிங் அத்தைன்னு அனுப்பியிருக்கானே, சீ.

பொம்மி கடைக்குப் பின்னாடி ஒரு பழைய நாற்காலியில, மடிச்ச லுங்கி மேல படுத்திருந்துச்சு. முடி கொஞ்சம் கொட்டியிருக்கு, ஆனா வயிறு நிறைஞ்சிருக்கு. நான் கூப்பிட்டதும் இறங்கி வந்து என் கையை மோந்து பார்த்துச்சு. நான் மீன் டப்பாவைத் திறக்கறதுக்குள்ள திரும்பிப் போயி சுக்ரா அம்மா கால்கிட்ட உக்காந்துக்கிச்சு. நான் இதை எடுத்துட்டுப் போயி வேற நல்ல வீடாப் பார்த்துச் சேர்க்கறேம்மான்னேன். தர மாட்டேன்னுட்டாங்க. முடியாது, போலீஸைக் கூட்டிட்டு வந்தாலும் முடியாது, இதுக்கு நாங்க சோட்டின்னு பேரு வச்சுட்டோம்னாங்க. வயசாயிடுச்சேம்மா, ரொம்ப நாள் இருக்காதேன்னு நான் சொன்னதுக்கு, இருக்கற வரைக்கும் இருக்கட்டும், அதுக்கு அப்புறம் அழுதுக்கறோம், உங்களுக்கென்னன்னு கேட்டாங்க. அத்தனை பேரு வேண்டாம்னு முகம் சுளிச்ச பூனையை ஒருத்தி தர மாட்டேன்னு மறிச்சு நின்னா. அந்த நாள் முழுக்க நான் பார்த்த அசிங்கத்துக்கு நடுவுல அது ஒண்ணுதான் சுத்தமா இருந்துச்சு. மீனை மசிச்சு வச்சுட்டு, பல்லு இல்லாததைச் சொல்லிட்டு, அழுதுக்கிட்டே பஸ் ஏறினேன். லாவண்யா அடுத்த வாரமே போயிப் பார்த்துட்டு, அக்கா அதை அங்கயே விட்டுடலாம்னு சொல்லிட்டா.

இப்ப வீட்டுல தினமும் இதே சண்டைதான். குடிக்க மாட்டான், நல்ல சம்பளம், பூர்வீகம் நம்ம சாத்தூர்ப் பக்கம், பூனையை வச்சா மனுஷனை எடை போடுவேன்னு அப்பா கேக்கறாரு. அப்பா கெட்டவர் இல்லை, உன் கல்யாணம் தள்ளிப் போகுதேன்னு பயம். பூனை பிடிக்காதவங்க எல்லாம் கெட்டவங்கன்னு நானும் சொல்லலை. பிடிக்கலைன்னா எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நானே பஸ் ஏறி வந்து தூக்கிட்டுப் போயிருப்பேன். அந்த ஒரு போன் பண்ண மனசில்லாம, வாய் பேசாத ஜீவனைச் சாக்குல கட்டிட்டு, என்கிட்ட இவ்வளவு இனிப்பாப் பொய் சொன்னானே, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை. நாளைக்கு உனக்கே உடம்பு முடியாமப் போயி நீ ஒரு தரம் படுக்கையை நனைச்சா, அவன் முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பார்க்கவே பயமா இருக்கு.

நடந்ததைச் சொல்லிட்டேன், முடிவு உன்னோடது. அவனுக்குப் போன் பண்ணி நீயே கேளு, அவன் என்ன சொல்றான்னு உன் காதால கேளு. அப்புறமும் அவனே இருக்கட்டும்னு உனக்குத் தோணினா நான் குறுக்க நிக்க மாட்டேன், மணவறையில உன் பக்கத்துல நின்னு எல்லாம் முறையாச் செய்வேன். ஆனா அந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன், அதை மட்டும் இப்பவே சொல்லி வச்சுடறேன். பொடியை டப்பா மாத்தி ஈரம் படாம வை. ராத்திரி தலையை ஈரத்தோட கட்டிக்கிட்டுத் தூங்காதே. நான் விளக்கேத்தற அந்தத் தாயி உனக்கு நல்ல புத்தியும் நல்ல துணையும் குடுக்கட்டும்.

உன் அம்மா,
பேச்சியம்மாள்