கை கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

மார்ச் 9, திங்கள்

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு,

தம்பி என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். வரவில்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. நேரில் வந்தால் உன் மனைவி முன்னால் வாய்க்கு வந்தபடி கத்திவிடுவேன். பாவம், அவள் என்ன செய்தாள்? அதனால் எழுதுகிறேன்.

நேற்று அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு முன்னால் நான் எழுந்து வெளியே போனதைப் பார்த்திருப்பாய். தலைவலி என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம்.

உண்மையான சந்தோஷம் தரும் எட்டுக் குணங்கள் என்று, வாரத்துக்கு ஒன்றாக இயேசுவின் மலைப் பிரசங்கத்தைப் பேசி வருகிறாய். மூன்று வாரம் வரிசையாக வந்தது. நேற்று நாலாவது வரவேண்டும், நீதிக்காகப் பசித்திருப்பது. அதை அப்படியே விட்டுவிட்டு ஏழாவதான சமாதானத்துக்குத் தாவினாய். நாள் முழுக்கப் போர்வை எண்ணி அடுக்குகிறவள் நான். எனக்கு எண்ணத் தெரியாதா?

தாவியது யாருக்காக என்றும் தெரியும். எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர்தான் உன் சபைக்குச் செயலாளர். போர்வை தேய்க்கும் உருளை இயந்திரத்தின் முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நின்று வேலை கெடுகிறது என்று அந்தக் கம்பியைத் துணியால் இழுத்துக் கட்டிவைத்தவர் அவர். போன மாதம் எங்களோடு வேலை செய்யும் பாட்டுக்காரியின் வலதுகை உள்ளே போனது. உன் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பாளே, அவள்தான். மூன்று விரல் போயிற்று. நாங்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்ட புகாரை, "ஆண்டவர் சமூகத்துல வைப்போம்" என்று சொல்லி அவள் படுக்கையிலிருந்து வாங்கிப்போய் உன் மேசை இழுப்பறையில் பூட்டினாய். நேற்று அவரையும் அவளையும் முன்னால் அழைத்துக் கை கொடுக்கச் சொன்னாய். கட்டுப் பிரிக்காதவள் இடதுகையை நீட்டினாள். சபையே அல்லேலூயா என்றது.

புகாரைத் திருப்பிக் கொடு.

அக்கா

மார்ச் 11, புதன்

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்து ஜெபித்தேன். சின்ன வயதிலிருந்தே உங்களுக்கு மூக்கின் மேல் கோபம். சாந்தகுணம் பற்றிப் பேசிய வாரம் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பாட்டுக்காரி அக்கா தானாகவே முன்னால் வந்தார். செயலாளரும் கல்நெஞ்சர் இல்லை. அன்று ஆராதனைக்கு முன்னால் அங்கி மாட்டும் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் கட்டினேன் ஐயா, வேலை முடியணுமேன்னு கட்டிட்டேன்" என்று அழுதார். மனம் திரும்பியவரை இன்னும் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

புகார் பத்திரமாக இருக்கிறது. உங்கள் கசப்பு வடிந்ததும் பேசுவோம். ஞாயிறு மதியம் சாப்பிட வாருங்கள். உங்கள் தம்பி மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

என்றும் உங்கள் தம்பி

மார்ச் 12, வியாழன்

தம்பி,

அழுதாரா? எங்களிடம் அழவில்லையே! தொழிலாளர் அலுவலகத்துக்கு நான் தனியாக ஒரு புகார் போட்டிருந்தேன். அதற்கு உன் செயலாளர் நேற்றுதான் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்பியை யாரும் கட்டவே இல்லையாம். அவள் அரட்டை அடித்துக்கொண்டு கவனம் தப்பினாளாம். துணியை அன்றைக்கே அவிழ்த்து எறிந்தாயிற்று. கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் தைத்துக்கொண்டார்கள். என்னை அழுக்குத்துணி பிரிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

செவ்வாய் காலை அதிகாரி விசாரிக்க வருகிறார். அந்த மனுஷன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதைக் கேட்டது நீ ஒருத்தன்தான். வந்து சொல். "என்னை நம்பிச் சொன்னது" என்று இழுக்காதே. அவளும் உன்னை நம்பித்தான் கையை நீட்டினாள்.

விரல் போனவள் வாயை மூடிக்கொள்வதற்குப் பெயர் சமாதானமாம்! அதை நீயே வைத்துக்கொள். நான் கோபக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். சாப்பிட வரமாட்டேன். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று உன் மனைவியிடம் சொல்.

அக்கா

மார்ச் 15, ஞாயிறு

அக்கா,

வரமுடியாது என்று உங்களுக்கு நான்கு பக்கம் எழுதிவிட்டேன். அனுப்பும் முன் நேற்று பாட்டுக்காரி அக்கா வீட்டுக்குப் போனேன். நானாகத்தான் கை கொடுத்தேன் என்று அவரே சொல்லிவிட்டால், அதையும் சேர்த்து எழுதி உங்கள் வாயை அடைக்கலாம் என்று வீம்பு.

ஒற்றைக் கையால் தலை வாரிக்கொண்டிருந்தார். கேட்டேன். சீப்பைக் கீழே வைத்தார்.

"பயந்துதான் கொடுத்தேன் ஐயா."

"அவருக்கா?"

"அவருக்கு எதுக்குப் பயப்படணும்? போனது போயிடுச்சு. உங்களுக்குத்தான். கொடுக்கலைன்னா எனக்குத் திருவிருந்து தர மாட்டீங்களோன்னு."

ஜெபிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

இன்று காலை செயலாளரிடம், செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன் என்று சொன்னேன். நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தேன். மதியமே சபைக்குழு கூடிவிட்டது. மாத முடிவில் சபை தந்த வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். மனைவி பெட்டிகளைத் துடைக்கிறாள். நீதிக்காகத் துன்பப்படுவதுதான் எட்டாவது குணம். அந்த வாரத்துக்கு அழகழகான உதாரணங்கள் எழுதி வைத்திருந்தேன். எனக்குச் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை அக்கா.

புகாரை இதோடு வைத்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

தம்பி

மார்ச் 16, திங்கள்

தம்பிக்கு,

புகார் கிடைத்தது. மடித்த இடம் கிழிந்திருந்தது, ஒட்டிவிட்டேன்.

மன்னிப்பை என்னிடம் கேட்காதே, விரலை இழந்தது நான் இல்லை. பாட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஐயாவுக்கு வீடு போயிடுச்சா?" என்று உட்கார்ந்து அழுகிறாள். அதைப் பார்த்து எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. உங்கள் எல்லோருக்கும் அழுகை வருகிறது, எனக்குத்தான் பல்லைக் கடிக்க வருகிறது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே வந்து அதிகாரியிடம் பேசுவதாகச் சொன்னாள்.

பெட்டிகளை என் வீட்டுக்கு அனுப்பிவிடு. உன் மனைவிக்கு உள்ளறையை ஒழித்து வைத்திருக்கிறேன். நீ கூடத்தில் படு.

பாட்டுக்காரி உன்னை மன்னித்துவிட்டாளாம். எனக்கு இன்னும் ஆகவில்லை, எப்போது ஆகுமோ தெரியாது. நாளை ஒன்பது மணிக்குச் சலவைக்கூட வாசலில் நில். நான் உன் பக்கத்தில் நிற்பேன். தாமதமாக வராதே.

அக்கா