யூசுப் மாப்ளே, உன் ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறந்துவிட்டோம்

என் அருமைக் களவாணி மாப்ளே யூசுப்புக்கு,

களவாணி என்றுதான் எழுதுவேன். மேலே போகப் போக ஏனென்று உனக்கே புரியும். இதை நீ படிக்க மாட்டாய், ஊரார்தான் படிப்பார்கள் என்றும் தெரியும். படிக்கட்டும் மாப்ளே, உன் யோக்கியதை நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கத்தில் இல்லை, இந்தச் சேதியை உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் வயிறு உப்பிக் கிடக்கிறது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் நம் ரயில் பொள்ளாச்சிக்குப் போனதே தவிர, ஒரு நாள்கூடத் திரும்பி வரவில்லை.

உன்னை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். என் வீட்டு மாடி அறையில் பதினாறு அடிப் பலகை மேல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரை பழைய மீட்டர் கேஜ் பாதையைச் சின்னதாகக் கட்டியிருக்கிறோம். பவுண்டரியில் இரும்பு வார்க்கிற அச்சுக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்கிப் பிழைத்தவன் நான். அதனால் பலகையும் தண்டவாளமும் ஸ்டேஷன்களும் என் வேலை. கோட்டைமேட்டில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய நீ வயரெல்லாம் பார்த்தாய். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தும் ஸ்டெல்லா டீச்சர், பழைய பேப்பரும் பசையும் வைத்து மலையும் தென்னந்தோப்பும் செய்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று பேரும் கூடுவோம். இதை எவர் பொம்மை ரயில் என்று சொன்னாலும் அவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் டீ போட வேண்டும். அதிகம் டீ போட்டது நீதான். வேண்டுமென்றே சொல்வாய், என் டீயைக் குடிக்கப் பயந்து.

பொள்ளாச்சி தாண்டியதும் பாதை ஆனைமலைக்குப் பின்னால் வட்டமடித்து, போன தண்டவாளத்திலேயே வந்து சேரும். பார்க்க அழகு, ஆனால் அங்கேதான் வம்பு. ஒரு கம்பியில் பிளஸ், மறு கம்பியில் மைனஸ். வட்டமடித்துத் திரும்பினால் இரண்டும் முட்டிக்கொண்டு கரண்ட் நின்றுபோகும். ரயில் வளைவுக்குள் இருக்கிற அந்தச் சில நொடிக்குள் பிளஸையும் மைனஸையும் மாற்றிவிட்டால்தான் வெளியே வரும். இது எங்களுக்குத் தலைவலியாக இருந்தபோது, ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ ஒரு தகரப் பெட்டியோடு வந்தாய். மூடியைச் சுற்றி அரக்கு வைத்து மூடியிருந்தாய். மேலே ஒரு சிவப்பு பல்பு.

"ஆட்டோமேட்டிக் மச்சான். ரயிலு உள்ள போச்சுன்னா பொட்டியே எல்லாத்தையும் பாத்துக்கும். நீ டீயக் குடி."

"ஏனுங் பாய், உள்ள என்ன சர்க்யூட்டுங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"அது காயில் கட்டறவன் ரகசியமுங்க டீச்சரம்மா. தொறந்தீங்கன்னா உசுரு போயிரும்."

"ஆருக்குங்க?"

"பொட்டிக்குத்தானுங்க."

சொன்னபடியே சிவப்பு பல்பு எரிந்தது, ரயில் வட்டமடித்தது, ஜம்மென்று திரும்பி வந்தது. ஆறு வருடம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நீ உன் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றுமே செய்யாதவன் மாதிரி இரண்டு கையையும் கட்டிக்கொண்டிருப்பாய். ஒரு தடவை நான் அதில் உட்காரப் போனதற்கு, "அக்கட்டால போடா மச்சான், மெக்கானிக் சீட்டுல தச்சன் உக்காரப்படாது" என்றாய். நீ வராத நாளில் வண்டி ஓட்டக் கூடாதென்று பெட்டியின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாய். கேட்டால், ஆள் இல்லாமல் சூடேறினால் எரிந்துவிடும் என்பாய். நாங்களும் நம்பினோம், மடச்சாம்பிராணிகள்.

உன்னை அடக்கம் செய்த பிறகு, உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடும் நஸ்ரீன், உன் சட்டைப் பையிலிருந்து அந்த ஃபியூஸை எடுத்துக் கொடுத்தனுப்பினாள். மாட்டினோம். சிவப்பு பல்பு எரிந்தது. ரயில் வளைவுக்குள் போனது, அங்கேயே செத்து நின்றது. நூறு தடவை ஓட்டியும் அதே கதை. பெட்டி கெட்டுவிட்டது, திறந்து பார்த்து வேறு வயர் போடலாம் என்றார் டீச்சர். நான் முடியாது என்றேன். நீ உன் கையால் அரக்கு வைத்தது மாப்ளே. அதை உடைத்தால் நீ போனதை நானே ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. கிறுக்குத்தனம்தான். ஆனால் எட்டு மாதம் அந்தக் கிறுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதற்கு நடுவே பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சி, நம் ரயிலைக் கொண்டுவருகிறேன் என்று டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டார். நாள் நெருங்கிவிட்டது. போன புதன்கிழமை சாயங்காலம் வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு ஒரு முடிவு சொல்லிப்போடுங்க. பொட்டியத் தொறக்கறீங்களா, இல்லீங்களா?"

"இல்லீங்க."

"பாய் உங்களுக்கு மட்டும் சிநேகிதருங்களா? நானும் அழுதவதானுங்க. போனவருக்கு மரியாத பண்றேன்னு இருக்கறவள எட்டு மாசமா முட்டாளாட்ட உக்கார வெச்சிருக்கறீங்க."

"புடிக்கலைன்னா போங்கம்மணி, ஆரு புடிச்சு வெச்சிருக்கறா?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோசனம்? டீச்சர் வெளியே போய் ஆட்டோவைக் கூப்பிட்டார். தான் செய்த ஆனைமலையை அப்படியே பெயர்த்து எடுத்தார், ஆட்டோவின் பின்சீட்டில் வைத்தார், ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆட்டோக்காரர் மலைக்குத் தனியாக வாடகை கேட்டாரா என்று நீ இருந்தால் கேட்டிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை மாப்ளே. ஒரு சிநேகிதனைச் சாவு கொண்டுபோனது, இன்னொரு சிநேகிதத்தை என் வாய் கொண்டுபோய்விட்டது.

இப்போது கேள். வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மனசு கேட்காமல் மாடிக்குப் போய் வண்டியை ஓட்டினேன். மலை இல்லாததால் வளைவு மொட்டையாகக் கிடந்தது. ரயில் போனது, வழக்கம்போல நின்றது. கொஞ்சம் உட்காரலாம் என்று பார்த்தேன். உட்கார வேறு இடமில்லை. முதல் தடவையாக உன் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து காலைத் தூக்கிக் கால்மேல் போட்டேனோ இல்லையோ, முழங்கால் பலகைக்கு அடியில் எதிலோ இடித்தது. டக்கென்று ஒரு சத்தம். நின்றிருந்த ரயில் கிளம்பி, வளைவைச் சுற்றி, பொள்ளாச்சியைத் தாண்டி என்னைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது.

குனிந்து பார்த்தேன். மேஜை விளக்குக்கு வைப்பார்களே, ஒரு தடவை அழுத்தினால் மாறும், மறுபடி அழுத்தினால் பழையபடி வரும், அந்த மாதிரி ஒரு ஸ்விட்ச். சரியாக முழங்கால் உயரத்தில் திருகி வைத்திருக்கிறாய். அழுத்தி அழுத்தி அதன் தலை வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அட நாசமாப் போனவனே என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். கீழே இருந்து மருமகள், "என்னுங் மாமா, உழுந்துட்டீங்களா?" என்று ஓடிவந்தாள்.

உடனே டீச்சருக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடத்தில் இருந்தார்.

"டீச்சர், திரும்பி வந்துருச்சுங்க."

"ஆருங்கண்ணா?"

"ரயிலுங்க."

"பொட்டியத் தொறந்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க. நீங்க வந்துதானுங்க தொறக்கோணும். நேத்து பேசினது தப்புங்க, மனசுல வெச்சுக்காதீங்க."

"வாரேன்" என்று மட்டும் சொன்னார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். மலையையும் கொண்டுவந்தார்.

இரண்டு பேரும் சேர்ந்து அரக்கை உடைத்தோம். உள்ளே என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? கருகிப்போன ஃபேன் காயில் ஒன்று, பல்புக்குப் போகும் இரண்டு வயர், அவ்வளவுதான். தூக்கினால் கனமாக இருக்க வேண்டுமென்று காயிலைப் போட்டு வைத்திருக்கிறாய். டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். ரயில் வளைவுக்குள் நுழைந்தால் பல்பு எரியும், அது உனக்கு அடையாளம். கையைக் கட்டிக்கொண்டு, எங்களிடம் வாயடித்துக்கொண்டே, கீழே முழங்காலால் ஒரு அழுத்து.

"ஆறு வருசமுங்கண்ணா. பேச்சுக்கு நடுவுல ஒரு தடவகூடத் தவற உடலைங்களே இந்த மனுசன்" என்றார்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஏன் மாப்ளே? ஆட்டோமேட்டிக் செய்கிறேன் என்று வாய் விட்டுவிட்டு, செய்ய வராமல் போனதால் வெட்கப்பட்டாயா? இல்லை, நாங்கள் வாயைப் பிளந்து பார்ப்பதை வாராவாரம் ரசித்தாயா? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷம் டீச்சரிடம் உளறியிருப்பேன் என்று உனக்குத் தெரியும், அதுவும் சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை பலகையை நாலு துண்டாகக் கழற்றி வேனில் ஏற்றிப் பொள்ளாச்சிக்குப் போனோம். என்ன கூட்டம் தெரியுமா! நான் உன் ஸ்டூலில் உட்கார்ந்து, உன்னை மாதிரியே கையைக் கட்டிக்கொண்டேன். முதல் இரண்டு தடவை அழுத்த மறந்ததால் ரயில் நின்றது, டீச்சர் முறைத்தார். மூன்றாவது தடவை பிடிபட்டது. ஒரு சின்னப் பெண், "தாத்தா, இந்தப் பொம்ம ரயிலு எப்படித் தானா திரும்புது?" என்றாள். நான் கொஞ்சமும் கூசாமல், "அதுல ஆட்டோமேட்டிக் பொட்டி இருக்குது கண்ணு" என்றேன். பொய் சொல்வது இத்தனை சுகமாக இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

மத்தியானம் நஸ்ரீன் வந்தாள். நீ போனதற்காக வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிந்து இத்தனை நாளாகியும் வாசலைத் தாண்டாதவள், நான் போனில் கெஞ்சியதற்காக உக்கடத்தில் பஸ் ஏறி வந்திருந்தாள். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அவளைப் பலகைக்குப் பின்னால் கூப்பிட்டு, பலகையைச் சுற்றித் தொங்கவிட்டிருந்த துணியை விலக்கி, ஸ்விட்சைக் காட்டினேன். நீ முழங்காலால் செய்ததை நடித்தும் காட்டினேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. தப்பு செய்துவிட்டோமோ, புண்ணைக் கிளறிவிட்டோமோ என்று எனக்குப் பகீரென்றது.

"முழங்காலிலயாங்கண்ணா?" என்றாள்.

"ஆமாங் தங்கச்சி."

"ஞாயித்துக்கிழம ராத்திரி ஆனாப் போதும், முழங்கால் வலிக்குதும்பாருங்க. மோட்டாரத் தூக்கித் தூக்கித் தேஞ்சுபோச்சாக்கும்னு நான் உக்காந்து தைலம் தேச்சு உட்டேனுங்க. ஆறு வருசமுங்கண்ணா. எலும்பு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயி எக்ஸ்ரே எடுத்தமுங்க. அவரு ஒண்ணுமே இல்லைன்னாரு. டாக்டருக்கு ஒண்ணுந் தெரியலைன்னு நான் அவரத் திட்டிப்போட்டு வந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது மாப்ளே. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். போத்தனூர் ஸ்டேஷனே ஆடியது. டீச்சர் சிரித்தார், நான் சிரித்தேன், என்ன ஏதென்று தெரியாத பிள்ளைகளும் சிரித்தார்கள். நீ போன நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சித்த எந்திரிங்கண்ணா" என்றாள். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். சிவப்பு பல்பு எரிந்தது. முதல் தடவையிலேயே சரியாக அழுத்தினாள்.

அந்தப் பெட்டிக்குள் நிஜமாகவே ஆட்டோமேட்டிக் செய்து வைக்க டீச்சருக்குக் கை துறுதுறுக்கிறது. இப்போது அதற்கென்றே கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதாம், பத்து நிமிஷ வேலையாம். கூடாது என்று நானும் டீச்சரும் பேசி முடிவு செய்திருக்கிறோம், இந்தத் தடவை சண்டை இல்லாமல். ஏனென்றால் ஊருக்குக் கிளம்பும்போது நஸ்ரீன், "வர்ற ஞாயித்துக்கிழமையும் ஓட்டுவீங்களாண்ணா? நான் வரட்டுமுங்களா?" என்று கேட்டாள். உனக்குச் சத்தியம் செய்கிறேன் மாப்ளே. அவள் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் நம் ரயில் தானாகத் திரும்பாது.

ஆறு வருடம் உன்னிடம் வாயைப் பிளந்து ஏமாந்த,
உன் மச்சான்
துரைசாமி