தொப்பிக்குள்ளிருந்த முடி

786
சிதம்பரம்
5-7-1964

அன்புள்ள ராத்தா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சைனம்பு. பெயரைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். உங்கள் அத்தாதான் எனக்கும் அத்தா. ‘சிதம்பரத்து வீட்டுப் பெண்’ என்று உங்கள் வீட்டில் பேச்சு வருமே, அது நான்தான். வீட்டுக்கு எழுதினால் உங்கள் கைக்கு வராது என்று, உங்கள் சிநேகிதி லோகநாயகி அக்கா விலாசத்தை அத்தாவே சொன்னார்கள்.

அத்தாவுக்குப் பக்கவாதம். மூன்று மாதமாகப் படுக்கைதான். பேச்சு குழறுகிறது, எங்களுக்கு மட்டும் புரியும். வாராவாரம் தலையை மழித்துக்கொள்கிறவர்கள், இப்போது நாவிதர் வந்தால் தலையை ஆட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். முடி வளர்ந்துவிட்டது ராத்தா. வெள்ளை வெளேரென்று, கம்பி கம்பியாக, எந்தப் பக்கம் வாரினாலும் எழுந்து நிற்கிறது. அச்சு என் தலை. சின்ன வயதிலிருந்தே, “இது என் முடிடீ, என்னெத் திட்டிக்கிட்டே வாரு” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன்.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “ருக்கையா தலையும் இதேதான். அவ வந்து பாக்கட்டும். அதுக்கப்புறம் செரைக்கலாம்” என்றார்கள். உங்களுக்கும் இந்த முடிதான் என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது. ஒருமுறை வந்து போங்கள் ராத்தா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படும்
சைனம்பு


திருப்பாதிரிப்புலியூர்
11-7-1964

சைனம்புவுக்கு,

வ அலைக்கும் சலாம். ஒருமுறை படித்துவிட்டுக் கிழிக்கலாம் என்றுதான் பிரித்தேன். பிறகு கை வரவில்லை.

அவருக்கு முடி உண்டு என்பதே எனக்குப் புதுச் செய்தி. நான் பார்த்ததெல்லாம் தொப்பி. தொப்பியைக் கழற்றினால் வழுவழுவென்று மொட்டை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் அம்மா சலீமா பீவியின் முடி முழங்கால் வரை வழியும். எனக்கு மட்டும் இந்தத் தலை. விளக்கெண்ணெய், வெந்தயம், செம்பருத்தி இலை, எதைப் போட்டாலும் காய்ந்ததும் எழுந்து நின்றுகொள்ளும். வாரும்போது சீப்பு உடையும். உடைந்த சீப்பாலேயே அம்மா மண்டையில் ஒன்று வைப்பாள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் குருவிக்கூடு. சேத்தியாத்தோப்பிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முக்காட்டை விலக்கிப் பின்னலை அவிழ்த்தார்கள். “என்னா இது, தேங்கா நாராட்டம் கெடக்கு!” என்று மாப்பிள்ளையின் அக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. இப்போது எனக்கு இருபத்தாறு வயது. யாரும் பெண் பார்க்க வருவதில்லை.

அம்மா தினமும் சொல்லுவாள்: “எங்க வகையறாவுல இப்படி ஒரு தலை கெடையாது. எங்கேர்ந்துதான் வந்து தொலைஞ்சுதோ!” இந்த வீட்டில் இருந்தவரைக்கும் அவர் எதிரேதான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். டம்ளரை வைத்துவிட்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். “அது என் முடி, புள்ளைய ஏன் திட்டுற?” என்று ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் போதுமே சைனம்பு. யாருக்கும் ஒட்டாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டே நான் வளர்ந்திருக்க மாட்டேன்.

உன்னிடம் சொல்லிச் சிரித்தாராமே. ரொம்ப சந்தோஷம். நான் வரமாட்டேன். நாவிதரைக் கூப்பிட்டு மழித்துவிடச் சொல்.

ருக்கையா


786
சிதம்பரம்
19-7-1964

அன்புள்ள ராத்தா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மா வேண்டாமென்று தடுத்தும், உங்கள் கடிதத்தை அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியையும் விடவில்லை. மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் காதுக்குள் போயிற்று. துடைத்துவிட்டேன்.

சின்ன வயதில் ஓதுகிற பள்ளியில், அத்தா முடியில் பையன்கள் துடைப்பக் குச்சியைச் செருகி, விழாமல் நிற்கிறதா என்று பந்தயம் கட்டுவார்களாம். அன்று மழிக்க ஆரம்பித்தது. நிக்காஹ் நாளிலும் மொட்டைதான். “சலீமா அழகான பொம்பள. தெரிஞ்சா சிரிப்பாளேன்னு பயந்தேன். புள்ளைக்கு இதே முடி மொளைச்சுதும் இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். அப்புறம் அந்த வீட்டுல எதையும் சொல்ற யோக்கியதை இல்லாமப் போச்சு” என்றார்கள். இதைச் சொல்லி முடிக்கவே ஒரு பொழுது ஆயிற்று.

அத்தா செய்தது தப்புதான். நான் வக்காலத்து வாங்க எழுதவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார், அதனால் எழுதுகிறேன். இன்றும் நாவிதர் வந்தார். அத்தா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சைனம்பு


திருப்பாதிரிப்புலியூர்
27-7-1964

அன்புத் தங்கச்சி சைனம்புவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “அந்த வாசப்படிய மிதிச்சீன்னா என் மையத்து மொகத்தப் பாக்க வராதே” என்றாள். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அப்புறம் முடிவு செய்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை காலைப் பாசஞ்சரில் ஏறுகிறேன். அம்மாவிடம் லோகநாயகி ஏதாவது பொய் சொல்லிக்கொள்வாள்.

வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருப்பேன். எல்லாப் பொம்பளைகளும் அதைத்தானே போர்த்துவார்கள் என்று கவலைப்படாதே. எந்தத் துப்பட்டிக்குள் அடங்காமல் நெற்றியில் முடி துருத்திக்கொண்டு நிற்கிறதோ, அது உன் ராத்தா. நீ தலையை ஈரத்தோடு வாருகிறாயா, காய்ந்த பிறகா? காய்ந்த பிறகு தொடவே தொடாதே.

அதுவரை நாவிதரை அண்ட விடாதே. படுத்திருக்கிறவரிடம், திட்டத்தான் வருகிறேன் என்று சொல். திட்டிவிட்டு, வாரிவிடுகிறேன் என்றும் சொல்.

உன் ராத்தா,
ருக்கையா


786
சிதம்பரம்
3-8-1964

ராத்தா,

அத்தா புதன்கிழமை இஷா தொழுகைக்குப் பிறகு மவுத்தாகிவிட்டார்கள். லோகநாயகி அக்கா விலாசத்துக்கே தந்தி அடித்தாலும் தெருவெல்லாம் தெரிந்து உங்கள் அம்மா காதுக்குப் போய்விடுமே என்று அடிக்கவில்லை. காலையில் நீங்கள் வருவீர்கள் என்ற நினைப்பும் இருந்தது.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. படித்துக் காட்டினேன். திட்டிவிட்டு வாரிவிடுவீர்கள் என்றதும் சிரித்தார்கள். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று, ஆனால் சிரிப்புதான்.

வியாழக்கிழமை முகம் பார்க்க வந்த பெண்கள் கூட்டத்தில், துப்பட்டிக்கு வெளியே நெற்றி முடி நின்ற ஒருவரைப் பார்த்தேன். மயங்கி விழுந்த அம்மாவை நான் மடியில் தாங்கியிருந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. பிறகு தேடினால் காணோம். அது நீங்கள்தானா? வரவில்லை என்றாலும் கோபமில்லை. எழுதுங்கள்.

சைனம்பு


திருப்பாதிரிப்புலியூர்
9-8-1964

என் தங்கச்சி சைனம்புவுக்கு,

முதலில் அம்மா விஷயம். செய்தி தெரிந்ததும் வளையல்களைக் கழற்றி வைத்தாள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, உள் அறையில் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கப் போய்விட்டாள். இத்தனை வருஷமாக இந்தப் படி ஏறாத மனிதருக்காக. உன் அம்மாவும் அங்கே இத்தா இருப்பார்கள் இல்லையா? நான் எங்கே போயிருந்தேன் என்று அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அது நான்தான். தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் மையத்தைத் தூக்கும் சந்தூக்கைப் பார்த்துவிட்டேன். பெண்களோடு பெண்ணாக உள்ளே வந்தேன். உன்னையும் பார்த்தேன். உன் முக்காடு நழுவியிருந்தது. கண்ணாடியில் நான் தினமும் திட்டுகிற அதே தலை. உன் மேல் அது அழகாகத்தான் இருந்தது.

அத்தாவைக் கபன் துணியால் சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். தலை முழுக்கத் துணி. ஒரு முடிகூட வெளியே தெரியவில்லை. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்தானே. நான் முகம் பார்க்கவா வந்தேன்?

துணியைக் கொஞ்சம் விலக்கக் கை நீட்டினேன். தலைமாட்டில் இருந்த ஒரு வயதான அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரும்மா நீ? அவுங்களுக்கு என்ன ஒறவு?” என்று கேட்டார்.

மகள் என்று சொல்லியிருந்தால் அவரே விலக்கிக் காட்டியிருப்பார். சைனம்பு, எனக்கு வாய் வரவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே, ராத்திரிக்குள் எங்கள் கடலூருக்குச் செய்தி போய்விடுமே, அம்மா என்ன ஆவாளோ என்று பயம் வந்துவிட்டது.

“ஒறவில்ல. தெரிஞ்சவங்க” என்றேன்.

“அப்பத் தள்ளிக்கம்மா. சொந்தக்காரங்க பாக்கட்டும்” என்றார்.

தள்ளிக்கொண்டேன்.

இப்படிக்கு,
சேக் பரீது மகள்
ருக்கையா