கஸ்வின் உறுப்பினரின் தங்கை

கஸ்வின்,
ஷவ்வால், ஹிஜ்ரி 1325

அன்புள்ள ஸைஃபுல்லா அண்ணாவுக்கு,

லகா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நம் ஈரானின் முதல் மக்கள் சபையான மஜ்லிஸில் நீ உட்கார்ந்திருப்பதை அம்மா சொல்லாத ஆள் இல்லை, ரொட்டிக்கடைக்காரரைக்கூட விடுவதில்லை.

எங்கள் பெண்கள் பள்ளியை நேற்று ஊர் ஆண்கள் சிலர் கொளுத்திவிட்டார்கள். "எழுதக் கத்துக்கிட்டு எவனுக்குடி கடுதாசி போடப் போறீங்க?" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். ஆசிரியை தாவூஸுக்குக் கை முறிந்தது. மறு கையால் இருபத்து மூன்று பிள்ளைகளையும் வெளியே இழுத்துவிட்டாள். பள்ளிக்குப் பாதுகாப்புக் கேட்டு எழுதிய மனு இத்துடன் இருக்கிறது. சபையில் எழுந்து வாசி, போதும். அங்கே எங்களுக்கென்று நீ ஒருவன்தான்.

உன் லகா

டெஹ்ரான்,
துல்கஅதா 1325

அன்புத் தங்கை மஹ்லகாவுக்கு,

மனுவோடு எழுந்தேன். பக்கத்து இருக்கை முல்லா, "என்னப்பா ஸைஃபுல்லா, உங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு அடுப்புல வேலை இல்லையா?" என்றார். சபையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். மன்னர் ஷாவின் கையைக் கட்ட அந்த முல்லாவின் ஓட்டு எங்களுக்கு வேண்டும்.

ஊரில் கலகம் வளரக் கூடாதென்று, தாவூஸை வெளியேற்றும்படி கவர்னருக்கு நானே எழுதிவிட்டேன். கோபிக்காதே. அம்மாவுக்குக் கற்கண்டு அனுப்புகிறேன்.

உன் நன்மையை நாடும்,
ஸைஃபுல்லா

கஸ்வினுக்கு வெளியே,
28 ஜமாதுல் அவ்வல் 1326

லகா,

குளிர்காலத்திலிருந்து ஏழு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஐந்து நாள் முன்பு ஷாவின் படை மஜ்லிஸைப் பீரங்கியால் தகர்த்தது. தூணுக்கடியில் சிக்கிய முல்லா என் அங்கியைப் பிடித்தார். உதறிவிட்டு ஓடிவந்தேன். காலில் குண்டு. ஒரு கழுதைக்காரன் கொட்டகையில் கிடக்கிறேன். வெள்ளி விடியலில் தோட்டக் கதவைத் தட்டுவேன். தாழ்ப்பாளை மட்டும் நீக்கி வை.

அண்ணன்

கஸ்வின்,
ஜமாதுல் ஆகிர் 1326

அண்ணா,

பிடிபட்ட உனக்குச் சிறையில் கடிதம் கொடுக்கிறார்களாம்.

நீ தட்டியபோது கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். "லகா, தொறடி, குதிரைச் சத்தம் கேக்குது" என்றாய். பிறகு, "அம்மா" என்றாய். தாழ்ப்பாளிலிருந்து கையை நான் எடுக்கவில்லை. திறக்கலாமா என்று தவித்தேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன்.

குளிர்காலத்தில், கவர்னருக்கு நீ எழுதிய கடிதம் கிடைத்ததும் அவருடைய ஆட்கள் தாவூஸை ஊருக்கு வெளியே பனியில் தள்ளிக் கோட்டை வாசலைச் சாத்தினார்கள். காலையில் பிள்ளைகள்தான் அவளைப் பார்த்தார்கள். விறைத்துக் கிடந்தாளாம்.

உனக்கு நாளை மறுநாள் தூக்கு என்று கேள்வி.

அம்மா தினமும் கேட்கிறாள். "சபையில பேசிக்கிட்டிருக்காம்மா, அத்தனை பேரும் வாயப் பொத்திக்கிட்டுக் கேக்குறாங்க" என்கிறேன். பூரித்துப் போகிறாள்.

மஹ்லகா