நிறுத்த மறந்த கமிஷன்காரர்

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலக்கி, ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், ஐந்தருவி ரோட்டில் நகராமல் நின்ற அந்தக் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். முன் சீட்டிலிருந்து திரும்பி நீ முறைக்கிறாய். "ஏட்டி, கண்ணீர விட உப்புக் கரிச்சா கொட்டிட்டு வேற கலக்கு."

நீ போனபிறகு இது இரண்டாவது குற்றாலச் சாரல். செத்துப்போன சிநேகிதிக்குக் கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம் என்பாய். சொல்லிக்கொள், எனக்கென்ன.

அந்தக் கார் நின்ற வருஷம் சீசனுக்கு நானும் வீட்டுக்காரரும் ஆலங்குளத்திலிருந்து வந்து குற்றாலத்தில் அறை எடுத்திருந்தோம். நீ தென்காசியிலிருந்து எங்களைப் பார்க்க வந்தாய். இவருடைய அண்ணன், புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர், காரோடு வந்திருந்தார்; நமக்கு அண்ணாச்சி. எங்கே குடித்த தண்ணீரோ, காலையில் என் வீட்டுக்காரருக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது, மதியத்துக்குள் ஆளையே உருக்கிவிட்டது. கண் குழி விழுந்து, விரல் தோல் சுருங்கி, குரல்கூட எழும்பவில்லை. போனதெல்லாம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. அதைப் பார்த்ததும் உன் முகம் மாறியது. "காலராவா இருக்கும்னு நெனைக்கேன். கெளம்புங்க," என்றாய்.

கிளம்பி என்ன? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முன்னால் வேன், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் ஈரத்துண்டோடு ஜனம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாலும் இதே நெரிசலுக்குள்தான் வர வேண்டும். பின் சீட்டில் இவர் தலை என் மடியில் கிடந்தது. நீ இறங்கி ஓடி, டீக்கடையில் தண்ணீர் பாட்டிலும் சர்க்கரையும் உப்பும் ஒரு ஸ்பூனும் வாங்கி வந்து, என்னைக் கலக்கச் சொன்னாய்.

"தண்ணி குடுக்காதீயம்மா! குடுக்கக் குடுக்கப் போவும். வயித்தக் காயப் போட்டாத்தான் நிக்கும்," என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அண்ணாச்சி. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீட்டில் சொல்கிறதுதான். அதையும் மீறி நீ கண்ணைக் காட்ட, நான் ஒரு வாய் கொடுத்தேன். இவர் அப்படியே வாந்தி எடுத்தார்.

"பாத்தீயளா! எந்தம்பியக் கொல்லப் பாக்கியளா?" அண்ணாச்சி பாட்டிலைப் பிடுங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். இவர் கண் செருகிக்கொண்டே போகிறது, கார் நகரவில்லை, நீங்கள் இருவரும் சண்டை போடுகிறீர்கள்.

உனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். கல்லூரியில் உன்னிடம் படித்த பிள்ளைகள் அதற்குத்தான் பயப்படுவார்களாம்.

"அண்ணாச்சி, வெளியூர் யாவாரி நீங்க சரக்கு வைக்குத கிட்டங்கிக்குள்ள வாரானா?"

"இப்ப எதுக்கு அது? போன்லதான் சொல்லுவான். நான் லோடுமேன ஏத்தச் சொல்லுவேன்."

"லோடு முடிஞ்சா?"

"நாந்தான் நிறுத்தணும்."

"ஒடம்புல உள்ள செல்லுலயும் அதான் நடக்கு. வெளிய இருந்து வார சேதிய வாசல்ல ரிசப்டர் வாங்கும். சேதி உள்ள வராது. பக்கத்துல ஜி புரோட்டீன்னு ஒரு கமிஷன்காரரு. அவருதான் ஓடிப்போயி என்சைம்கிட்ட வேலைய ஆரம்பின்னு சொல்லுதாரு. கொஞ்ச நேரத்துல அவராவே அடங்கிருவாரு. காலரா விஷம் அந்த அடங்குத சக்தியத்தான் ஒடைக்கி. யாவாரி போனே பண்ணல, இவரு ஏத்து ஏத்துன்னு நிக்காரு. என்சைம் ஓய மாட்டேங்குது. கொடலு உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு. நீங்க குடுத்தாலும் போவும், குடுக்காட்டாலும் போவும். போறது ரத்தத்துல உள்ள தண்ணி அண்ணாச்சி."

பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். "அப்ப குடுத்து என்ன பிரயோசனம்?" என்று அண்ணாச்சி கேட்டார். குரல் உடைந்திருந்தது.

"சர்க்கரையும் உப்பும் சேந்து உள்ள போவ வேற வாசல் இருக்கு. அங்கன இந்தக் கமிஷன்காரரு பேச்சு எடுபடாது. அதுக பின்னாலயே தண்ணியும் போவும். போறதுக்குச் சமமா உள்ள போனா ஆளு தாங்குவாரு."

அண்ணாச்சி குனிந்து பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். நீ சொன்னபடி ஒரு ஸ்பூன் கொடுத்து, கொஞ்சம் பொறுத்து, அடுத்த ஸ்பூன். முதலாவது வயிற்றில் நின்றது. அடுத்ததும் நின்றது. கார் ஊர்ந்தபோதெல்லாம் அண்ணாச்சி கண்ணாடியில் தம்பியைப் பார்த்து, "ஏலே, முழுங்குலே... முழுங்குலே ராசா," என்று கெஞ்சிக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிய டாக்டர், வழியில் என்ன கொடுத்தோம் என்று கேட்டுவிட்டு, "அதனாலதான் நாடி கெடச்சுது," என்றார். பிறகு பரிசோதனையிலும் காலரா என்றே வந்தது. ஆனால் அதற்கு முன்பே நீ வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாய். தோளைத் தொட்டேன். "நெஜமாவே பயந்துட்டேன்ட்டி. அந்த ஸ்பூன் தண்ணியும் வயித்துல நிக்காமப் போயிருந்தா ஒம் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று தேம்பினாய். காருக்குள் உன் முகத்தில் அந்தப் பயத்தின் சாயல்கூட இல்லை. அதை எப்படிச் செய்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு மதியம் உன் நெஞ்சுத் துடிப்பு வகுப்பறையிலேயே நின்றுவிட்டது. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கக்கூட எங்களுக்கு நீ அவகாசம் தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உன் வீட்டில் பாடை தூக்குவதற்கு ஆள் குறைவு. இவர் யாரையும் கேட்காமல் போய் முன்பக்கம் தோள் கொடுத்தார். மறுபக்கம் அண்ணாச்சி. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னை நினைத்து அழுகை வரும்போது இப்போதும் இவருடைய அந்தத் தோளில்தான் சாய்கிறேன். அன்று காரில் நீ இல்லாதிருந்தால், சாய்ந்து அழ அந்தத் தோளும் எனக்கு இருந்திருக்காது.